வலை இருந்த இடத்தில் ஒன்பது ஓட்டைகள்

அந்த யோசனை வந்தபோது என் கையில் அரைக் கிலோ சங்கரா மீன் இருந்தது.

கடப்பாக்கம் கடற்கரை. போன வாரத்துக்கு முந்தின ஞாயிறு, காலை ஏழரை மணி. மீன் பையிலிருந்து தண்ணீர் என் பேன்ட் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. என் நண்பன் காசி ஒரு காலண்டர் தாளை என் முகத்துக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தான். அதன் பின்பக்கம் பேனாவால் ஒரு நீளக் கோடு — அது கடலாம். கோட்டுக்கு மேலே ஒன்பது கட்டங்கள் — வலை காயும் இடங்களாம். ஓரத்தில் ஒரு தென்னை மரம்... அது எதற்கு என்று வரைந்தவனுக்கே தெரியவில்லை.

"இத்த குடுத்தா, இன்னாய்யா இது கோலமான்னு கேக்குறாங்கடா," என்றான்.

காசியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என்னோடு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்தவன். மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் இரண்டு வருஷம் ஷிப்ட் பார்த்தான். கம்பெனி பஸ்ஸில் ஏறினால் தலை சுற்றுகிறது என்று சொல்லிவிட்டு, அலையில் ஆடும் படகுக்குத் திரும்பிப் போனவன். (இதன் லாஜிக் எனக்கு இன்று வரை புரியவில்லை.) நான் மறைமலைநகரிலேயே வேறொரு கம்பெனியில் கம்ப்யூட்டரில் உதிரிபாகங்களுக்கு டிராயிங் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

விஷயம் இதுதான். பக்கத்திலிருக்கும் பழைய கோட்டையைப் பார்க்க வருகிறவர்களின் கார்கள் அதிகமாகிவிட்டன. நிறுத்த இடம் வேண்டும். கரையோரம் 'சும்மா கிடக்கும்' மணல் ஒன்று யாரோ ஒருவர் கண்ணில் பட்டிருக்கிறது. அது சும்மா கிடக்கவில்லை. காசியோடு சேர்த்து ஒன்பது படகுக்காரர்கள் வலை காயப்போடுவதும், உட்கார்ந்து கிழிசல் பார்ப்பதும் அங்கேதான். என்ன சிக்கல் என்றால், பத்து மணிக்கெல்லாம் வலையைச் சுருட்டி எடுத்துவிடுவார்கள். இடத்தைப் பார்க்க வந்த அதிகாரிகளோ பன்னிரண்டு மணிக்கு வந்திருக்கிறார்கள். அப்போது அங்கே என்ன இருக்கும்? வெறும் மணல்!

'உங்கள் இடம் எது என்று தெளிவாக ஒரு படத்தோடு மனு கொடுங்கள்' என்று சொல்லிவிட்டார்களாம். செங்கல்பட்டு கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு நாள். படம் சரியாக இல்லாவிட்டால்? காசி வலையைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில்தான் காயப்போட வேண்டும். வேன் ஏறாத இடமாகப் பார்த்து.

அப்போதுதான் தலைக்கு மேலே 'ஙொய்ங்...' என்று ஒரு சத்தம்.

அண்ணாந்து பார்த்தேன். டிரோன். அதை ஓட்டிக்கொண்டிருந்தது ரபீக் — எங்கள் பாலிடெக்னிக் கூட்டத்தின் மூன்றாவது ஆள், செங்கல்பட்டில் ஸ்டூடியோ வைத்திருக்கிறான். கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ ஷூட்டுக்கு ஒரு ஜோடியைக் கூட்டி வந்திருந்தான். மாப்பிள்ளை வெயிலில் கோட் போட்டுக்கொண்டு வியர்வையில் மிதந்துகொண்டிருந்தார்.

எனக்குள் மணி அடித்தது. மேலிருந்து ஒரு படம். அதன் மேல் காசியின் எல்லைக்கோடு. கோட்டுக்கு வெளியே இருப்பதை வெட்டி எறிந்தால்... மனுவுக்கு மேப் ரெடி! மேப் சாப்ட்வேரில் இதற்கு 'கிளிப்' என்று பெயர். சோமாஸ் கரண்டியால் மாவின் ஓரத்தை நறுக்கி எடுப்போமே, அதேதான். படம் மாவு. எல்லைக்கோடு கரண்டி.

"அஞ்சு நிமிஷ வேலைடா," என்றேன்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்கள் இப்போது சிரிப்பது எனக்குக் கேட்கிறது. ஆமாம். சீலிங் ஃபேனைக் கழற்றிய அன்றும் இதையேதான் சொன்னேன்.

ஜோடி உடை மாற்றப் போன இடைவெளியில் ரபீக் கரை முழுவதையும் மேலிருந்து சதுரம் சதுரமாகப் படம் எடுத்தான். அதையெல்லாம் ஒட்டி, ஒரே பெரிய படமாக்கி, பென் டிரைவில் கொடுத்தான். செவ்வாய்க்கிழமை காலையில் காசி தன் பங்கைச் செய்தான். நடக்க நடக்கப் பாதையைக் குறித்துக்கொள்ளும் ஓர் ஆப்பை அவன் போனில் போட்டுக் கொடுத்திருந்தேன். "எல்லா வலையும் விரிச்சிருக்கும்போது மொத்த இடத்தையும் ஒரு சுத்து வந்துடு" என்றேன். வந்தான். பாதையை எனக்கு அனுப்பினான். அதன் தலையையும் வாலையும் சேர்த்து முடிச்சுப் போட்டால் வேலி மாதிரி ஒரு எல்லை.

சனிக்கிழமை மதியம். சாப்பிட்டுவிட்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தேன்.

முதல் கேள்வியை சாப்ட்வேர்தான் கேட்டது. 'இந்த எல்லை எந்த அளவு முறையில் இருக்கிறது?' கீழே ஒரு பட்டியல். ரயில் நீளத்துக்கு. நான் என்ன செய்தேன்? ரபீக் படம் எந்த முறையில் இருந்ததோ, அதையே எல்லைக்கும் போட்டேன். இரண்டும் ஒன்றாகவே இருக்கட்டுமே, நல்லதுதானே!

எல்லை திரையிலிருந்து காணாமல் போய்விட்டது.

தேடினேன். 'இந்த லேயருக்குப் போ' என்று ஒரு பட்டன். அழுத்தினேன். திரை முழுக்க நீலம். இன்னும் தள்ளிப் பார்த்தேன். நீலம். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், மாலத்தீவுக்குக் கிழக்கே, நடுக்கடலில், ஒரு புள்ளி. அதுதான் காசி வலை காயவைக்கும் இடம்!

போன் போட்டேன். எடுத்தது காசியின் மனைவி அஞ்சலை.

"சொல்லுண்ணா. அவரு என்ஜினாண்ட கீறாரு. இன்னா, அஞ்சு நிமிசம் ஆயிடுச்சா?"

"இல்லம்மா... ஒரு சின்னக் குழப்பம். உங்க இடம் மாலத்தீவுகிட்ட காட்டுது."

பின்னால் காசியின் குரல் கேட்டது. "அங்க இன்னா மீன் கெடைக்கும்னு கேளு."

ஒரு மணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகு புரிந்தது. காசியின் போன் எழுதிவைத்திருந்தது டிகிரிக் கணக்கு. ரபீக்கின் படம் இருந்தது மீட்டர் கணக்கு. நான் எண்ணை மாற்றவில்லை... பெயரை மட்டும் மாற்றிவிட்டேன்! காய்ச்சல் நூற்றொன்று பாரன்ஹீட் என்பதை, நூற்றொன்று செல்சியஸ் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தால் எப்படி? காய்ச்சல்காரர் கொதித்துப் போய்விட மாட்டாரா? காசியின் கரை அப்படித்தான் கடலுக்குப் போயிருந்தது.

சரி. பெயரை மாற்றுவதற்கு ஒரு பட்டன், எண்ணை மாற்றுவதற்கு வேறொரு பட்டன். இரண்டாவதை அழுத்தினேன். எல்லை பறந்து வந்து கடப்பாக்கத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது. எனக்கு நானே கை கொடுத்துக்கொண்டேன். கிளிப்பை அழுத்தினேன்.

சிவப்பு எழுத்துகள்.

ஒரு வரி இல்லை, இரண்டு வரி இல்லை... பத்தி பத்தியாகச் சிவப்பு. நான் முழுவதையும் படித்தேனா? நீங்கள் படிப்பீர்களா? கடைசி வரியை மட்டும் பார்த்தேன். 'வெட்டும் கோடு செல்லாது' என்கிற மாதிரி ஏதோ. செல்லாதா? அது என்ன பழைய நோட்டா?

அதற்கும் ஒரு கருவி இருந்தது. 'வடிவத்தைச் சரி செய்' என்று பெயர். எவ்வளவு அன்பான பெயர்! அழுத்தினேன். பச்சை டிக். மறுபடி கிளிப். அழகாக, ஓரம் நறுக்கின மாதிரி, கரை தனியாக வந்துவிட்டது! கடல் போச்சு, ரோடு போச்சு, மாப்பிள்ளை கழற்றிப் போட்ட கோட்டும் போச்சு. காசியின் இடம் மட்டும்.

ஆனால் அங்கங்கே கறுப்பாகச் சில திட்டுகள்.

ரபீக்குக்கு போன் போட்டேன். "மச்சான், உன் படத்துல ஓட்டை ஓட்டையா இருக்கு."

"என் படத்துல ஓட்டையா? காமெடி பண்ணாத. ஒரிஜினல தொறந்து பாரு."

"ஒட்டும்போது எங்கயாச்சும் விட்டிருப்பே."

"மச்சான், நான் முன்னூறு பேர் இருக்குற குரூப் போட்டோவுல ஒருத்தர் மூஞ்சிய விட்டதில்ல. ஓட்டை என் கேமராவுல இல்ல, உன் மண்டையில கீது. நான் மண்டபத்துல இருக்கேன், வை."

வைத்துவிட்டான். ஒரிஜினலைத் திறந்து பார்த்தேனா? இல்லை. திட்டுகள் எத்தனை என்று எண்ணினேனா? அதுவும் இல்லை. 'கறுப்பைக் காட்டாதே' என்று ஒரு அமைப்பு இருந்தது. அதைப் போட்டேன். கறுப்பெல்லாம் வெள்ளையாகிவிட்டது. பார்க்கச் சுத்தமாக இருந்தது. கறுப்பு என்றால் தப்பு மாதிரி தெரிகிறது. வெள்ளை என்றால் ஏதோ டிசைன் மாதிரி தெரிகிறது. அவ்வளவுதானே வித்தியாசம்?

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் பெரிய தாளில் கலர் பிரிண்ட் எடுத்தேன். கெத்தாக இருக்கட்டும் என்று லேமினேஷனும் போட்டேன். இந்த லேமினேஷனை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

திங்கட்கிழமை. கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன். காசி இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான். பஸ்ஸில் வந்ததால் முகம் வெளுத்திருந்தது. மனுவை எழுதித் தயாராக வைத்திருந்தான். மேப்பை நான் சுருட்டி வைத்திருந்தேன், ஒரு சஸ்பென்ஸுக்காக. வரிசை நகர்ந்து எங்கள் முறை வந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு மேடம். மேப்பை விரித்தேன்.

மேடத்தின் புருவம் உயர்ந்தது. "அட, நல்லா பண்ணியிருக்கீங்களே. எல்லை தெளிவா இருக்கு. யாரு போட்டது?"

"நான்தாங்க மேடம்." என் தலை லேசாகக் கூரையைத் தொட்டது.

"நடுவுல வெள்ளை வெள்ளையா விட்டிருக்கீங்களே, அது என்ன?"

"அது... ஒண்ணுமில்லீங்க. சாப்ட்வேர்ல சும்மா..."

மேடம் பென்சிலை எடுத்துத் தொட்டுத் தொட்டு எண்ணினார். "ஒன்பது இருக்கு. இதெல்லாம் உங்க உபயோகத்துல இல்லாத இடமா? அப்படின்னா சௌகரியம்தான். ஒவ்வொண்ணுலயும் ரெண்டு மூணு கார் நிக்குமே."

அப்போதுதான் காசி முதல்முறையாக அந்த மேப்பைக் குனிந்து பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"மேடம்..." அவன் குரல் இறங்கிவிட்டது. "அதுதாங்க வலை. அது மட்டும்தாங்க வலை. மீதியெல்லாம் நாங்க நடக்குற எடங்க."

எனக்குக் காதுக்குள் 'ஙொய்ங்' என்றது. டிரோன் எதுவும் பறக்கவில்லை.

காசி சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். முதல் வெள்ளைத் திட்டின் மேல் 'வலை' என்று எழுதப் போனான். பேனா வழுக்கியது. உதறிவிட்டு மறுபடி எழுதினான். வழுக்கியது. லேமினேஷன்! அந்தப் பளபளப்பின் மேல் ஒரு புள்ளிகூட நிற்கவில்லை. என்னை ஒருமுறை பார்த்தான். திட்டியிருந்தால் தேவலை.

பேனாவை வைத்துவிட்டு அதே பையிலிருந்து நாலாக மடித்த ஒன்றை எடுத்தான். காலண்டர் தாள்.

அதை மேப்பின் பக்கத்தில் விரித்தான். கோடு கடல். அதற்கு மேலே ஒன்பது கட்டங்கள். மேடம் இதைப் பார்த்தார், அதைப் பார்த்தார். இங்கே மூன்றாவது கட்டம் கொஞ்சம் பெரிது. அங்கே மூன்றாவது ஓட்டை கொஞ்சம் பெரிது. இங்கே கடைசி இரண்டும் நெருக்கம், அங்கேயும் நெருக்கம். என் ஓட்டைகளும் அவன் கட்டங்களும் அப்படியே பொருந்தின.

மேடம் சிரித்துவிட்டார். "ரெண்டையும் சேர்த்து வச்சாத்தான் படம் முழுசாகுது போல." இரண்டையும் மனுவோடு சேர்த்து ஸ்டேப்லர் அடித்தார். லேமினேஷனில் பின் இறங்கவில்லை, கிளிப் போட்டார். "வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு நானே இடத்தைப் பார்க்க வரேன். அப்ப எனக்கு ஓட்டை இல்லாத படம் வேணும். அளவு தெரியாம நான் எதுவும் எழுத முடியாது."

"மேடம், பதினோரு மணிக்கு வந்தா வெறும் மணல்தாங்க இருக்கும்," என்றான் காசி. "காலைல ஏழு மணிக்கு வாங்க. ஒம்போதும் விரிச்சிருக்கும்."

மேடம் யோசித்தார். "ஏழரை."

வெளியே டீக்கடையில் உட்கார்ந்தோம். காசி நடந்த பாதையை என் போனில் திறந்து, விரலால் பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். கோடு நேராகப் போய்க்கொண்டே இருந்தது... திடீரென்று உள்பக்கம் திரும்பி ஒரு வளையம் போட்டு, தன்னையே வெட்டிக்கொண்டு, மறுபடி நேராகப் போனது. கொஞ்ச தூரம். இன்னொரு வளையம். முறுக்குப் பிழிந்த மாதிரி... மொத்தம் ஒன்பது.

"காசி, நீ எப்படிடா நடந்தே?"

"நீ சொன்ன மாறியேதான். ஓரமா நடந்துகினே வந்தேன். ஒவ்வொரு வலையாண்டயும் ஒரு சுத்து முழுசா சுத்திட்டு அப்பால போனேன்."

"ஏன்?"

"ஏன்னா? காயுற வலைய எவனாவது தாண்டிப் போவானா? சுத்திதான்டா வரணும். அதுவும் இல்லாம, வலைக்காரன் ஒவ்வொருத்தனும் அங்கயே நின்னு பாத்துகினு கீறான். என்துகிட்ட வராமலே பூட்டியேன்னு நாளைக்குச் சண்டைக்கு வருவான். அதான், எல்லார்துக்கும் சமமா ஒரு சுத்து."

புரிந்துவிட்டது. அது புரிந்ததும் குழப்பம் இன்னும் அதிகமாகிவிட்டது!

சாப்ட்வேரின் மூளை இப்படி வேலை செய்கிறது. வெளியிலிருந்து வரும் ஆள் ஒரு வேலியைத் தாண்டினால், உள்ளே. இன்னொரு வேலியைத் தாண்டினால்? வெளியே! காசி மொத்த இடத்துக்கும் ஒரு வேலி போட்டான். அதற்குள் ஒவ்வொரு வலைக்கும் இன்னொரு வேலி போட்டான். ஆக, வலை கிடக்கும் இடத்துக்கு மட்டும் இரண்டு வேலி. எனவே அது வெளியே. நான் அழுத்திய அந்த அன்பான 'சரி செய்' பட்டன் செய்தது இதைத்தான் — ஒன்பதையும் ஓட்டையாக்கிப் பச்சை டிக் போட்டது.

இதைக் காசியிடம் டீ கிளாஸை வைத்து விளக்கினேன். கவனமாகக் கேட்டான்.

"அப்போ ரெண்டு பூட்டு போட்டா வூடு தொறந்து கீதுன்னு அர்த்தமா?"

"அது... அப்படி இல்லடா..."

"எந்த ஊரு கணக்குடா இது?"

உங்களுக்காவது தெரியுமா?

யோசித்துப் பார்த்தால் சாப்ட்வேரை மட்டும் சொல்லி என்ன? நமக்கு ரொம்ப முக்கியமான ஒன்றை போன் செய்து சொல்கிறோம், மெசேஜ் அனுப்பிச் சொல்கிறோம், நேரிலும் பிடித்து நிறுத்திச் சொல்கிறோம். கடைசியில் எது விட்டுப்போகிறது? அந்த ஒன்றுதான். இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். 'சரி செய்துவிட்டேன்' என்று யாராவது பச்சை டிக் காட்டினால், சந்தோஷப்படுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்க வேண்டும் — சரி செய்ய எதை எடுத்து எறிந்தாய்?

ரபீக்கிடம் மன்னிப்புக் கேட்டேன். "மண்டையில இருந்த ஓட்டை அடைஞ்சிடுச்சா மச்சான்?" என்றான். முழுசாக இல்லை.

ஏனென்றால் திட்டம் இப்போது இப்படி இருக்கிறது. வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு நானே கடப்பாக்கம் போகிறேன். வெளி எல்லைக்கு ஒரு நடை — வளையம் இல்லாமல், வலைகளுக்கு வெளியே ஒதுங்கி. அது தனி. பிறகு ஒன்பது வலைக்காரர்களும் அவரவர் வலையை அவரவரே ஒரு சுற்று. அது ஒன்பது தனித்தனி வடிவம். யாரும் யாரையும் விட்டுவிட்டதாகச் சொல்ல முடியாது, கோடும் கோட்டை வெட்டாது. வெளி எல்லையால் படத்தைக் கிளிப் செய்வேன். வலைகளை அதன் மேல் கலரில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் அளவு எழுதுவேன். காகிதத்தில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது.

ஆனால் கடைசி இரண்டு வலைகள் ஒன்றின் ஓரம் மற்றதன் மேல் படுகிற மாதிரி விரிப்பார்களாம், மாமன் மச்சான் என்பதால். இரண்டு வடிவங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் இந்த சாப்ட்வேர் என்ன செய்யும்? சத்தியமாகத் தெரியாது. அஞ்சலையிடம் இதைச் சொன்னபோது, "அத்த வுடுண்ணா, இந்தவாட்டி எத்தினி நிமிசம்?" என்றாள்.

லேமினேஷன் கிடையாது. அது முடிவாகிவிட்டது. பச்சை டிக் வந்தாலும் நம்பப்போவதில்லை. லேப்டாப்பைக் கரைக்கே எடுத்துப் போய், மணலில் வைத்து, காசியை உட்காரவைத்துக் காட்டப்போகிறேன்.

ஒன்பதையும் அவன் எண்ணி முடித்த பிறகுதான் பிரிண்ட்!